சர்க்கரை வியாதியும் இரத்தக் குழாயும்

(நெய்வேலி நகரியத்தில், தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சர்க்கரை வியாதியைப் பற்றி இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். பகுத்தறிவுக் கூட்டத்தில் வியாதியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். நாம் வைத்தியர் அல்ல. வைத்தியப் பரீட்சை கொடுத்தவரும் அல்ல. ஆனால், வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதி வைத்திருப்பதைப் படித்து, அதைப் பாமர ஜனங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுவது நம் வேலை என்றே கருதுகின்றோம். ஏனெனில், மூடநம்பிக்கை குடியிருக்கும் இடம் கோவிலும் குளமும் மாத்திரம் அல்ல. நோயாளியின் படுக்கையண்டையிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றது.

நேற்றுவரை நன்றாயிருந்த ஐம்பது வயது மனிதன் இன்று காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து மாண்டுபோகின்றான். ஊரார் என்ன சொல்லுகின்றார்கள்? “விதி முடிந்துவிட்டது, எமன் வந்துவிட்டான்” என்கின்றார்கள். ஜோசியன் வந்தால், “அஷ்டமத்துச் சனி” என்கின்றான். ஆனால் அந்த மனிதனுடைய இரத்தத்தைப் பத்து வருஷத்துக்கு முன்பே சோதித்திருந்தால், அநேக சமயங்களில் சங்கதி அங்கே எழுதியிருக்கும். எழுத்து இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அது தலையில் இல்லை, இரத்தக் குழாயில் இருந்தது. தலையெழுத்தைப் படித்தவன் ஒருவனும் இல்லை. இரத்தக் குழாயின் எழுத்தைப் படிக்கச் சிறு ஊசியும் ஒரு துளி இரத்தமும் போதும்.

சர்க்கரை வியாதி என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை, உடம்பின் சதைக்குள்ளே போய் எரிந்தால்தான் நமக்கு வேலை செய்யச் சக்தி உண்டாகும். உள்ளே போவதற்குக் கதவைத் திறந்துவிடும் சாவி போன்றது, கணையம் சுரக்கின்ற இன்சுலின். அது போதாமல் போனாலும், போதுமானது சுரந்தும் சதை அதற்குக் கட்டுப்படாமல் போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றது. இவ்வளவுதான் வியாதி. இதில் முன் ஜன்மத்துப் பாவம் எந்த இடத்தில் நுழைகின்றது என்று கேட்கின்றோம்.

நீர் இனிப்பாய்ப் போவதையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அது கண்ணால் பார்த்துத் தெரிந்த அறிவு. அதை நாம் மதிக்கின்றோம். ஆனால் இரத்தத்திலும் இனிப்பு உண்டென்பதை 1776-இல் இங்கிலாந்தில் மாத்யூ டாப்சன் என்னும் வைத்தியர் எடுத்துக் காட்டினார். 1921-இல் கனடா தேசத்து டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டு, அவன் பிழைத்தான். நம் சென்னையில் 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் இவ்வியாதிக்கென்றே தனி வைத்தியப் பகுதி ஏற்படுத்தினார். ஆயிரம் வருஷத்துப் பிரார்த்தனை செய்யாததை, ஆராய்ச்சிசாலையில் ஒரு கோடைகாலத்து உழைப்பு செய்தது.

இன்றைய நிலைமை என்ன? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை வியாதியஸ்தர்கள் சுமார் 10 கோடிப் பேர். வியாதிக்கு முந்திய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். நம் தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் இவ்வியாதி உடையவர்கள். இந்தப் பந்தலில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கின்றீர்களோ, அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். “அது பணக்கார வியாதி” என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

குழாய் கெடுவது எப்படி?

சர்க்கரை வியாதியினால் மனிதன் சாவது பெரும்பாலும் சர்க்கரையினால் அல்ல. இரத்தக் குழாய் கெட்டுப்போவதனால்தான். இதுதான் இன்று நாம் சொல்லவந்த முக்கியமான விஷயம்.

நெய்வேலித் தோழர்களுக்குக் குழாயைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அனல் மின் நிலையத்தில் வேலை செய்கின்றவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பாய்லருக்குள் சாதாரணத் தண்ணீரை விடுகின்றார்களா? இல்லை. உப்பு நீக்கி, சுத்தம் செய்த தண்ணீரைத்தான் விடுகின்றார்கள். ஏன்? உப்புள்ள தண்ணீரை விட்டால் குழாயின் உட்புறத்தில் படிவு கட்டிவிடும். படிவு கட்டினால் குழாய் சூடேறி வெடித்துவிடும். ஒரு குழாய் வெடித்தால் அந்த யூனிட்டே நின்றுபோகும். பாய்லருக்கு விடும் தண்ணீரை நாள் தவறாமல் சோதிக்கின்ற மனிதன், தன் உடம்பில் ஓடுகின்ற இரத்தத்தை வருஷத்துக்கு ஒரு தரமாவது சோதிக்க வேண்டாமா?

ஆனால் இரும்புக் குழாய்க்கும் நம் குழாய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இரும்புக் குழாயில் படிவு மேலே ஒட்டுகின்றது. நம் குழாயில் கேடு சுவருக்கு உள்ளேயே உண்டாகின்றது. இரத்தக் குழாயின் உட்புறத்தில் மிக மெல்லிய ஓர் உயிருள்ள உறை இருக்கின்றது. குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்பதை நடத்துவதும், இரத்தம் உள்ளே உறையாமல் பார்த்துக்கொள்ளுவதும் அந்த உறையின் வேலை. சர்க்கரை அதிகமாயுள்ள இரத்தம் வருஷக்கணக்காய் அதன்மேல் ஓடினால், உறை தன் வேலையில் தளர்ந்துபோகின்றது. தளர்ந்த இடத்தில் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகின்றது. அதை அகற்ற வருகின்ற வெள்ளை அணுக்களும் அங்கேயே மாட்டிக்கொண்டு, சுவர் தடித்துக் கட்டியாகின்றது. ஒரு நாள் அந்தக் கட்டி வெடிக்கின்றது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகின்றது. அடைப்பு இருதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். காலில் வழி அடைத்துப்போனால் கால் அழுகி, வெட்டி எடுக்க நேரிடுகின்றது. இவையன்றி, தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள் கெடுவதனால் கண் பார்வையும் சிறுநீரகமும் நரம்பும் போகின்றன.

பாய்லரை நிறுத்தி, கெட்ட குழாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைக்கலாம். இருதயத்தை அப்படி நிறுத்திப் போட்டு உடம்பின் எல்லாக் குழாய்களையும் மாற்ற எந்த வைத்தியராலும் முடியாது. பைபாஸ், ஸ்டெண்ட் என்பவை உயிர் காப்பவைதான்; ஆனாலும் அவை அடைப்பு நேர்ந்த ஓரிரண்டு இடத்துக்குப் பரிகாரமே அன்றி, குழாய் முழுவதையும் புதுப்பிப்பவை அல்ல.

கோட்டைத் தாண்டினால்தான் கேடா?

“எனக்குச் சர்க்கரை கொஞ்சம்தான் ஏற்றம், வியாதி என்று டாக்டர் சொல்லவில்லை” என்று சிலர் திருப்தி அடைகின்றார்கள். அவர்களுக்கு நம் சென்னையிலேயே செய்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லுகின்றோம். சென்னையில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் குடியிருந்தவர்களைச் சோதித்து, 2001-இல் டாக்டர் வி. மோகனும் அவருடைய கூட்டத்தாரும் வெளியிட்ட கணக்கு இது. சர்க்கரை சரியாய் இருந்தவர்களில் 100-க்கு 9 பேருக்கு இருதயக் குழாய் வியாதி காணப்பட்டது. வியாதி என்று சொல்ல முடியாத இடைநிலையில் இருந்தவர்களில் 100-க்கு 15 பேருக்கு அது காணப்பட்டது. சர்க்கரை வியாதியஸ்தர்களில் 100-க்கு 21 பேருக்கு. ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று! இது படிக்கட்டு மாதிரி ஏறுகின்றதே தவிர, ஒரு கோட்டுக்கு இப்புறம் சுகமும் அப்புறம் துன்பமுமாய் இல்லை. இதற்குக் காரணம், சர்க்கரை தனியாய் வருவதில்லை. வயிற்றுக் கொழுப்பு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகிய கூட்டாளிகளை அழைத்துக்கொண்டே வருகின்றது. நம்மவர்களுக்கு வெள்ளைக்காரரைவிட ஒல்லியாய் இருக்கும்போதே, இளம் வயதிலேயே வருகின்றது. ஆகையால், “நான் பருமன் இல்லையே” என்பதும் சமாதானம் ஆகாது.

வலிக்கவில்லை என்பது அருளா?

இவ்வியாதியின் பெரிய சூது என்னவென்றால், அது வலிப்பதில்லை. வலி இருந்தால்தான் நம்மவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். இங்கோ நரம்பே செத்துப்போவதனால் வலியை அறிவிக்க ஆள் இல்லை. சர்க்கரை வியாதியஸ்தனுக்கு மார்பு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. திடீரென்று மூச்சு வாங்குதல், வேர்த்துக் கொட்டுதல், காரணமில்லாத அசதி ஆகிய இவை மாத்திரமே அடையாளமாய் இருக்கலாம். அப்போது விபூதி தேடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

நம் கடலூர் ஜில்லாவில் தீமிதி எத்தனை ஊரில் நடக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காய்ச் சர்க்கரை வியாதி உள்ள ஒருவன் நெருப்பில் இறங்கி, “சுடவே இல்லை, அம்மன் காப்பாற்றினாள்” என்று ஆனந்தப்படலாம். தோழர்களே, சுடாதது அருளால் அல்ல. உள்ளங்காலின் உணர்ச்சி போய்விட்டதனால். கொப்புளம் கண்டது அவனுக்குத் தெரியாது. புண் ஆகும், இரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறாது. கடைசியில் விரல் போகும், பிறகு கால் போகும். அம்மனுக்குக் கொடுத்த காலை எந்த அம்மன் திருப்பிக் கொடுத்தாள்? செருப்பில்லாமல் யாத்திரை போகின்றவர்களும், வயலில் வெறுங்காலோடு இறங்குகின்றவர்களும் இதை யோசிக்க வேண்டும். இராத்திரி படுக்கப் போகும்முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

மருந்து வியாபாரிகளின் புரட்டு

“மூன்று மாதத்தில் சர்க்கரையை அடியோடு ஒழிக்கின்றோம், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்” என்று விளம்பரம் செய்கின்றவர்கள் ஏராளம். சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாய் மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின்படி குற்றம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவர்கள் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தியவன் அன்றே சாவதில்லை. அதுதான் புரட்டனுக்கு அனுகூலம். இரண்டு வருஷம் கழித்துக் கண் மங்கும்போது அவன் கடையை மாற்றிக்கொண்டு போயிருப்பான். இன்சுலின் அவசியமான சிலருக்கோ அதை நிறுத்துவது நாட்கணக்கிலேயே உயிருக்கு ஆபத்து.

“மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்” என்பது இன்னொரு புரளி. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். கிட்னி முன்பே தளர்ந்திருந்தால் மருந்தின் அளவை வைத்தியர் மாற்றுவார்; அதற்காகவே அவர் சோதனை செய்யச் சொல்லுகின்றார். “வெல்லமும் தேனும் நல்லது, வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதி” என்கின்றார்கள். இரத்தத்துக்குள் போனபின் கரும்பு எந்தக் கொப்பரையில் காய்ந்தது என்று குழாய் விசாரிப்பதில்லை. பாகற்காய் தின்னுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கறியாய்த் தின்னுங்கள், மாத்திரைக்குப் பதிலாய்த் தின்னாதீர்கள்.

அதேபோல், தாமாகவே மருந்தை இரட்டித்துச் சாப்பிடுவதும் அறிவு ஆகாது. 2008-இல் அமெரிக்காவில் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஒரு பரிசோதனையில், சர்க்கரையை மிகவும் கடுமையாய்க் குறைத்த கூட்டத்தில் சாவு அதிகமாய்க் காணப்பட்டதால், அந்தப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள். இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. விஞ்ஞானம் தன் கணக்கு பிசகினால் வெளியே சொல்லித் திருத்திக்கொள்ளுகின்றது. எந்த ஜோசியன் அப்படிச் செய்தான்?

தடுக்க முடியுமா?

முடியும். 2006-இல் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய கூட்டத்தாரும் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். இடைநிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் 100-க்கு 55 பேர் சர்க்கரை வியாதியஸ்தர் ஆனார்கள். உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரமாவது நடக்கச் செய்தவர்களில் 39 பேர்தான் ஆனார்கள். நூற்றுக்குப் பதினாறு பேரை விதியின் கையிலிருந்து பிடுங்கியது எது? கால் நடையும் சாப்பாட்டுத் தட்டும்!

வியாதி வந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. டென்மார்க் தேசத்தில் 160 வியாதியஸ்தர்களை இரண்டாய்ப் பிரித்து, ஒரு பாதிக்குச் சர்க்கரையோடு இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, உணவு, நடை எல்லாவற்றையும் சேர்த்துக் கண்டிப்பாய்க் கவனித்தார்கள். சுமார் எட்டு வருஷம் பொறுத்து, 2003-இல் கணக்கெடுத்தபோது, அவர்களுக்கு இருதய, இரத்தக் குழாய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாய்க் குறைந்திருந்தது. ஆகவே, சர்க்கரையை மாத்திரம் பார்த்துக்கொண்டு, பீடியும் ஊதி, அழுத்தத்துக்கு மாத்திரையையும் விட்டால் பயன் இல்லை. பீடியும் சிகரெட்டும் குழாய்க்கு நேர் விரோதி.

நெய்வேலிக்கு ஒரு வார்த்தை

இந்த மண்ணின் சரித்திரத்தையே கவனியுங்கள். மேலே பார்த்தால் செம்மண்ணும் முந்திரியும்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கருப்புப் பொருள் வெளிவந்தது. பிறகு பல இடத்தில் துளை போட்டுப் பார்த்துத்தான் அடியில் நிலக்கரி எவ்வளவு உண்டென்று அறிந்தார்கள். 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957-இல் சுரங்கம் வெட்டத் துவங்கினார்கள். மேலே நின்று கைரேகை பார்த்தவன் ஒருவனும் இதைச் சொல்லவில்லை. துளை போட்டுப் பார்த்தவன் சொன்னான். உங்கள் இரத்தத்திலும் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தார் அநேகர், ஏருக்குப் பின்னால் நாளெல்லாம் நடந்த குடும்பத்தார். இன்று அவர்கள் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்கின்றார்கள். வேலை மாறியது, தட்டில் சோற்றின் மலை மாறவில்லை. அதோடு மூன்று ஷிப்ட்! இராத்திரி ஷிப்டு வேலைக்காரருக்குச் சர்க்கரை வியாதி சற்று அதிகமாய் வருகின்றதென்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. ஷிப்டை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் நடுராத்திரிப் பரோட்டாவையும், ஷிப்டுக்கு நாலு டீயும் டீக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரையுமாய்க் குடிப்பதையும் மாற்றலாம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் கீரையும் பருப்பும் வையுங்கள். வட்டத்துக்கு வட்டம் மரநிழல் உள்ள தெருக்கள் இவ்வூரில் இருக்கின்றன. நடப்பதற்கு இதைவிட நல்ல ஊர் எது?

தாய்மார்களுக்கு

கடைசியாகத் தாய்மார்களுக்குச் சொல்லுகின்றோம். புருஷனுக்குச் சோதனை, மாமனாருக்கு மாத்திரை என்று ஓடுகின்ற பெண், தன் இரத்தத்தைச் சோதிப்பதில்லை. எல்லோரும் உண்டபின் மீந்த சோறும் குழம்பும் அவள் பங்கு. காயும் முட்டையும் ஆண்களுக்குப் போய்விடுகின்றன. பெண்களுக்கு இயற்கையாய் மாரடைப்பு சற்றுத் தாமதித்து வருவதுண்டு. ஆனால் சர்க்கரை வியாதி வந்துவிட்டால் அந்தச் சலுகை பறிபோகின்றது. இவ்வியாதியால் இருதயத்துக்கு நேரும் அதிகப்படி ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல். கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்தவர்கள், “பிரசவத்தோடு சரியாய்ப் போயிற்று” என்று விட்டுவிடக் கூடாது. பிற்காலத்தில் அவர்களுக்கு வியாதி வர அதிக இடமுண்டு. பெண் கடைசியில் சாப்பிட வேண்டுமென்று எந்த வைத்திய நூலும் சொல்லவில்லை. வீட்டார் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து, இருப்பதைச் சமமாய்ப் பங்கிட்டு உண்ணுங்கள். சுயமரியாதையும் அதுதான், வைத்தியமும் அதுதான்.

ஆகவே தோழர்களே, 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், வருஷத்துக்கு ஒரு தரம் சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி பொறுத்து 200-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி. மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள். 100 முதல் 125 வரையும், 140 முதல் 199 வரையும் இருந்தால் இடைநிலை. அதுவே விழித்துக்கொள்ள வேண்டிய சமயம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் உண்டு; அதில் 6.5-ம் அதற்கு மேலும் வியாதி. சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கக் காசு வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகின்றது. அது தர்மம் அல்ல, உங்கள் வரிப்பணம். கூச்சமில்லாமல் கேட்டு வாங்குங்கள்.

நாம் சொன்னதற்காக இதை நம்ப வேண்டாம். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு போய் உங்கள் இரத்தத்தையே கேளுங்கள். அது சொல்லுவதை நம்புங்கள். காரணம் தெரிந்த காரியம் எதுவும் தலைவிதி ஆகாது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.